மருத்துவமனையில் ஏன் விளையாட்டு?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் குழந்தைகள் தின நிகழ்ச்சியில், குழந்தைகள் வார்டுகளில் தன்னார்வலராக இருக்கும் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)



சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது ஒரு சின்ன உதவிதான். நம் குடியிருப்பில் பலர் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளன்று மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பத்து நிமிடம் பேசுங்கள் என்றார். அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த வார்டில் ஒரு பொம்மை என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் கடைசியில் வருகிறது. அதுவரை யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.

நம் பேட்டைக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள உறவு

அடையாறு என்று வெளியூரில் சொன்னால் சிலருக்கு ஆலமரம் நினைவுக்கு வரும். பலருக்கு 'கேன்சர் ஆஸ்பத்திரி'தான் நினைவுக்கு வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்து பிறந்த எண்ணம்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு காந்தி நகர்ப் பக்கம் வேலை தொடங்கியது. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மா 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று இந்தியாவில் முன்னோடியாக யோசித்த இடங்களில் அதுவும் ஒன்று.

1980-களில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் உதவியோடு, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக 'எம்சிபி 841' என்ற சிகிச்சைமுறை உருவானது. அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய 3 இடங்களிலும் அதைப் பின்பற்றினார்கள். அதுவரை பிழைப்பதே அரிதாக இருந்த நோயிலிருந்து கணிசமான குழந்தைகள் மீண்டு வர ஆரம்பித்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த 100 குழந்தைகளில் 80-க்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். உலகம் முழுவதும் குறைந்தது 60 பேராவது குணமாக வேண்டும், 2030-க்குள் அதை எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிழைத்து வரும் குழந்தை நிறைய நாள் வாழப்போகிற குழந்தை. சிகிச்சை நாட்களில் அதன் மனதில் என்ன பதிந்தது என்பது அதனோடு கூடவே வளரும். 'உயிர் பிழைத்தால் போதாதா, விளையாட்டெல்லாம் எதற்கு' என்ற கேள்வி ஒரு காலத்தில் நியாயமாக இருந்திருக்கலாம். இன்று அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கிறது?

ரத்தப் புற்றுநோயில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகைக்கு, சிகிச்சை இரண்டரை, மூன்று வருடம்கூட நீளும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் பாதி. அந்தக் காலத்தில் ரத்தம் எடுக்க ஊசி, ட்ரிப்ஸ் ஏற்ற ஊசி, இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுக்க ஊசி, முதுகுத் தண்டில் மருந்து செலுத்த ஊசி. கீமோ மருந்தால் வாந்தி, வாய்ப்புண், முடி கொட்டுவது. சிலருக்குக் 'கரண்ட்' என்று நம் ஊரில் சொல்கிற கதிர்வீச்சு. இதற்கு நடுவே பள்ளிக்கூடம் இல்லை, நண்பர்கள் இல்லை, தம்பி தங்கை ஊரில்.

பெரியவர்களான நமக்கு 'இது எதற்காக' என்று தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். குழந்தைக்குத் தெரிவது இவ்வளவுதான்: நான் நன்றாகத்தான் இருந்தேன், இவர்கள் கூட்டிவந்து குத்துகிறார்கள், அம்மாவும் என்னைப் பிடித்துக்கொள்கிறாள். 'நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், அதற்குத் தண்டனை' என்று சின்னக் குழந்தைகள் எண்ணிக்கொள்வது சாதாரணம். நாமும் அதற்கு உரம் போட்டு வைத்திருக்கிறோமே! 'சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்' என்று சொல்லாத வீடு எது?

பயம் கூடும்போது வலியும் கூடும். தசை இறுகும், நரம்பு கிடைக்காது, மறுபடி குத்த வேண்டிவரும். முதல் ஊசி மோசமாக முடிந்தால் இரண்டாவது ஊசிக்கான பயம் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிடும். அப்புறம் அடையாறு பாலம் வந்தாலே அழுகை.

குழந்தையின் வலியை மருத்துவ உலகமே சரியாகப் புரிந்துகொண்டது வெகு அண்மையில்தான். பச்சிளம் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், மிகக் குறைந்த மயக்கமருந்தோடு அறுவை சிகிச்சை செய்த காலம் உண்டு. அதைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர். சரியான வலிநிவாரணம் கொடுத்தால் குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவை சிகிச்சையை நன்றாகத் தாங்குகிறது என்று 1987-ல் அவருடைய ஆய்வுகள் காட்டின. நம்மில் பலர் கல்லூரி முடித்திருந்த காலம் அது. எவ்வளவு பிந்திய அறிவு பாருங்கள்.

விளையாட்டு அங்கே எப்படி நுழைந்தது?

1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு சிறிய படம் எடுத்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை பெற்றோர் இல்லாமல் எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுடைய முகம் எப்படி மாறுகிறது என்பதுதான் படம். அப்போதெல்லாம் பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது, அதனால் வரவே வேண்டாம் என்பது அங்கே பல மருத்துவமனைகளில் சட்டம். படம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 1959-ல் அந்த நாட்டு அரசுக் குழு ஒன்று, பெற்றோரை எந்நேரமும் அனுமதிக்க வேண்டும், குழந்தைகள் வார்டில் விளையாட்டுக்கு ஏற்பாடு வேண்டும் என்று அறிக்கை தந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வியன்னாவிலிருந்து வந்த எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை மருத்துவமனைக்குள்ளேயே விளையாட்டையும் படிப்பையும் முறையான வேலையாக அமைத்தார். இன்று பல நாடுகளில் இதற்கென்று படித்துப் பட்டம் பெற்றவர்கள் குழந்தைகள் வார்டில் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர், தன்னார்வலர் என்று பலர் சேர்ந்து அந்த இடத்தை நிரப்புகிறார்கள்.

அந்த விளையாட்டு மூன்று நேரங்களில் மூன்று வேலை செய்கிறது: வலிக்கு முன்னால், வலிக்கும்போது, வலித்த பிறகு.

முன்னால்

நாளை முதுகில் ஊசி என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒரு பொம்மை வருகிறது. மரப்பாச்சியாக இருந்தாலும் சரி. குழந்தையே அதற்குப் பெயர் வைக்கிறது. 'இந்தப் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. முதுகுக்குள்ளே மருந்து போகணும். நீதான் டாக்டர்.' பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, இறால் மாதிரி வளைத்து வைக்கிறோம். பஞ்சால் துடைக்கிறோம், 'ஜில்லுன்னு இருக்கும்'. ஊசி இல்லாத சிரிஞ்சால் அழுத்துகிறோம், 'இப்போ கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ளே முடிஞ்சிடும்'. பிளாஸ்திரி ஒட்டுகிறோம். மறுநாள் அந்த அறைக்குள் போகும்போது குழந்தைக்கு அடுத்து என்ன என்பது தெரியும். தெரியாததற்குத்தான் பயம் அதிகம்.

கதிர்வீச்சுக்கு இது இன்னும் முக்கியம். கதிர்வீச்சு வலிக்காது. ஆனால் பெரிய இயந்திரத்தின் கீழே, சிலருக்கு முகத்தோடு ஒட்டிய வலைமுகமூடி போட்டு, யாரும் இல்லாத அறையில் சில நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். அசைந்தால் கதிர் வேறு இடத்தில் படும். அதனால் சின்னக் குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுக்கிறார்கள். அதுவும் வாரக்கணக்கில், வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் காலையில் பட்டினி. முன்கூட்டியே 'சிலை விளையாட்டு' விளையாடி, முகமூடியைக் கையில் கொடுத்து வர்ணம் தீட்டவைத்து, அம்மாவின் குரல் மைக்கில் கேட்கும் என்று காட்டிவிட்டால், நான்கைந்து வயதுப் பிள்ளைகளில் பலர் மயக்கமருந்து இல்லாமலே படுத்துவிடுகிறார்கள். ஒரு விளையாட்டு அத்தனை நாள் பட்டினியையும் மருந்தையும் மிச்சப்படுத்துகிறது.

வலிக்கும்போது

சோப்புக் குமிழி ஊதச் சொல்வது எளிமையான வித்தை. குமிழி பெரிதாக வர வேண்டுமானால் மெதுவாக, நீளமாக மூச்சு விட வேண்டும். அப்படி மூச்சு விட்டால் உடம்பு தளரும். 'மூச்சை இழுத்து விடு' என்று சொன்னால் கேட்காத குழந்தை குமிழிக்குக் கேட்கும். விடுகதை போடலாம். படப் புத்தகத்தில் 'ஒளிஞ்சிருக்கிற பூனை எங்கே' என்று தேடச் சொல்லலாம். ஊசிவலியைக் குறைக்கும் மனவழி உத்திகளைப் பற்றி 2018-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கவனத்தைத் திருப்புவது குழந்தைகளின் வலியையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைத்தது.

இன்னொன்று, குழந்தைக்கு ஏதாவது ஒரு தேர்வு கொடுப்பது. 'ஊசி போட்டுக்கலாமா?' என்று கேட்கக் கூடாது. வேண்டாம் என்றால் என்ன செய்வோம்? 'எந்தக் கையில்? மடியிலா, கட்டிலிலா? நீ எண்றியா, நான் எண்ணட்டுமா?' என்று கேட்கலாம். எல்லாமே பிறர் கையில் இருக்கும் இடத்தில், ஒன்றாவது தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் பெரிய பலம்.

பிறகு

ஊசி முடிந்த மத்தியானம் அந்தக் குழந்தை பொம்மைக்கு ஊசி போடும் பாருங்கள். ஒரு ஊசி இல்லை, இருபது ஊசி! சில நேரம் ஆவேசமாகக் குத்தும். பொம்மையைத் திட்டும். 'அழாதே, வாயை மூடு' என்று அதட்டும். பார்க்கும் பாட்டிக்கு மனம் பதறும். தடுக்காதீர்கள். வார்த்தையில் சொல்லத் தெரியாததைக் கையால் சொல்கிறது. நாம் கூர்ந்து கவனித்தால் பல செய்திகள் கிடைக்கும். யாரோ அதட்டியிருக்கிறார்கள், எந்த ஊசி அதிகம் வலித்தது, எதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். நல்ல செவிலியர்கள் இதைப் பார்த்துத்தான் அடுத்த தடவை எதை மாற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிற மணி கொடுத்துக் கோக்கச் சொல்கிறார்கள். சிகிச்சை முடியும்போது மாலை நீளமாகிவிடும். நான் பட்டது இவ்வளவு என்று எல்லோருக்கும் காட்டலாம். நம் ஊர் நோட்டுப் புத்தகமும் நட்சத்திர ஸ்டிக்கரும் அதே வேலையைச் செய்யும்.

விளையாட்டால் முடியாதது

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு வலிநிவாரணிக்கு மாற்று கிடையாது. மஜ்ஜை எடுக்கும்போது குமிழி ஊதினால் போதாது. அதற்கு மயக்கமோ, நல்ல வலிநிவாரணமோ வேண்டும். சாதாரண ஊசிக்குக்கூட, சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவினால் தோல் மரத்துப்போகும் களிம்பு உண்டு. 'இதற்கு மரப்புக் களிம்பு போடலாமா டாக்டர்?' என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் மறந்துபோகலாம். கேட்டால் கிடைக்கலாம்.

கோமாளிக்குச் சொல்லும் 'போ!'

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில், நம் சென்னையின் 'லிட்டில் தியேட்டர்' நாடகக் குழுவினர் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு கோமாளிகளாக வார்டுக்குள் போவதைச் சிலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 1986-ல் நியூயார்க்கில் ஒரு சர்க்கஸ் குழு தொடங்கிவைத்த வழக்கம் இப்படிப் பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. கோமாளிக்கான முதல் பாடம், வாசலில் நின்று அனுமதி கேட்பது. குழந்தை 'போ' என்றால் போய்விட வேண்டும். டாக்டரிடம் 'போ' என்று சொல்ல முடியாது, நர்ஸிடம் முடியாது, அம்மாவிடமும் முடியாது. அந்தக் கட்டிடத்தில் அது விரட்டக்கூடிய ஒரே ஆள் கோமாளிதான். விரட்டிவிட்டு அது சிரிப்பதும் சிகிச்சைதான்.

நாம் செய்யக்கூடியவை

செயலாளர் கேட்ட பட்டியல் இதோ.

முதலாவது, மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். கீமோ நேரத்தில் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கிவிடும். பஞ்சடைத்த கரடி, பழைய பொம்மை, பூங்கொத்து, வெளியில் வாங்கிய கேக், இனிப்பு வேண்டாம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய புதிய பொருட்கள் நல்லது: கட்டைகள், பிளாஸ்டிக் சொப்புச் சாமான், டாக்டர் செட், கிரேயான், வரைபடப் புத்தகம், பரமபதம், தாயம், சீட்டுக்கட்டு, ஸ்டிக்கர், குமிழி டப்பா. ஒரு குழந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறும்போது மற்ற கையால் விளையாட முடிகிறதா என்று வாங்கும்போதே யோசியுங்கள்.

இரண்டாவது, பெரிய குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். பொம்மை எல்லாம் ஐந்து வயதுக்கே வருகிறது. 14 வயதுப் பையனுக்கு செஸ் போர்டும் ஒரு நல்ல ஹெட்போனும் வேண்டும்.

மூன்றாவது, புகைப்படம் எடுக்காதீர்கள். முடி கொட்டிய முகத்தோடு நம் வாட்ஸ்ஆப் குழுவில் வர அந்தக் குழந்தை சம்மதிக்கவில்லை.

நான்காவது, ஒரு நாள் நூறு பொம்மையோடு போவதைவிட, மாதத்துக்கு இரண்டு முறை தவறாமல் போய் ஒரு மணி நேரம் கதை சொல்லும் ஒருவர் மேல். மருத்துவமனை அனுமதியும், அவர்கள் தரும் பயிற்சியும் அவசியம். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகவே கூடாது.

ஐந்தாவது, நம் தெருவிலேயே செய்யக்கூடியது. சிகிச்சைக்காக வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரா, வங்காளம் என்று வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறார்கள். முகக்கவசம் போட்ட மொட்டைத் தலைக் குழந்தையைப் பார்த்ததும் நம் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது. தொட்டால் வராது, சேர்ந்து விளையாடினால் வராது. உண்மையில் ஆபத்து மறுபக்கம்தான். நம் பிள்ளையின் சளி அந்தக் குழந்தைக்கு ஆபத்து. குறிப்பாகச் சின்னம்மை, தட்டம்மை. உங்கள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், அண்மையில் உங்களோடு பழகிய அந்தக் குடும்பத்துக்கு அன்றே சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்குள் தெரிந்தால் மருத்துவர்கள் தடுப்பு மருந்து கொடுக்க முடியும். வேப்பிலை கட்டி மறைத்து வைக்கிற விஷயம் இல்லை இது.

சிகிச்சை முடிந்து நம் குடியிருப்புக்கே ஒரு குழந்தை திரும்பி வரலாம். அதற்கு அனுதாபம் வேண்டாம். கிரிக்கெட்டில் ஒரு இடம் போதும். ஓட முடியாவிட்டால் அம்பயராக நிற்கட்டும், ஸ்கோர் எழுதட்டும்.

கடைசியாக, நம் வீட்டுப் பிள்ளைகள். தடுப்பூசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இவையெல்லாம் பொருந்தும். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள். 'கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும், நான் பக்கத்திலேயே இருப்பேன்' என்று சொல்லுங்கள். ஊசியைக் காட்டி மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். என்றைக்காவது உண்மையாகவே ஊசி தேவைப்படும் நாளில், அது தண்டனையாகத் தெரியக் கூடாது.



கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: மொபைலில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் போதாதா?

பதில்: ஊசி போடும் அந்த இரண்டு நிமிடத்துக்கு நன்றாகவே உதவும். ஆனால் நாளை என்ன நடக்கும் என்று மொபைல் சொல்லித் தராது. நேற்று நடந்ததை அதனிடம் கொட்டவும் முடியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: ஊசி போடும்போது பெற்றோர் உள்ளே இருக்கலாமா?

பதில்: மருத்துவமனை அனுமதித்தால் இருங்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்கும் ஆளாக இருக்காதீர்கள். மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கே ஊசி பார்த்தால் மயக்கம் வரும் என்றால், சித்தியையோ தாத்தாவையோ அனுப்புங்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்தும் அழுதால்?

பதில்: அழட்டும். வலித்தால் அழுவது இயல்பு. 'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அழுதுகொண்டே கையை அசைக்காமல் வைத்திருந்ததே, அதைப் பாராட்டுங்கள்.

(கதை சொல்லவும் விளையாடவும் மாதம் இருமுறை நேரம் ஒதுக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். மருத்துவமனையின் அனுமதி கிடைத்த பிறகே அழைப்போம். – செயலாளர்)